ஏசி குளிரவில்லை: காஸ் முடிந்துவிட்டதா?

வவுனியாவில் ஏசி பூட்டி ஒரு வருடம்தான், இப்போது குளிரவில்லை, காஸ் அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏசிக்குள் குளிரைத் தருகிற இந்தக் காஸ், பெற்றோல் மாதிரி ஓட ஓட முடிகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் காஸ் மட்டும் அடித்தால் காசுதான் போகும்.

முதலில் பில்டரை, அதாவது உள்ளே இருக்கும் பெட்டியில் புழுதியைத் தடுக்கிற வலையைப் பாருங்கள். வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி அதில் போர்வை மாதிரிப் படிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை கழற்றிக் கழுவினால், வாளித் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டது! சுவிட்சை நிறுத்தி, கழற்றி, வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். புழுதிக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்வது நல்லது.

வெளியில் இருக்கும் பெட்டியையும் கவனியுங்கள். அதன் தகடுகள் மெல்லியவை. மோட்டார் சைக்கிள் கழுவுகிற வேகத்தில் தண்ணீர் அடித்தால் மடங்கிவிடும். சுற்றிவர விறகு அடுக்காதீர்கள், சூடு வெளியேற இடம் வேண்டும்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புத்தான்.

பில்டர் சுத்தமாக இருந்தும் உள்ளே குழாயில் ஐஸ் கட்டுகிறதா? சரி, இப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம். “கசிவு எங்கே?” என்று கேட்டுவிட்டே காஸ் அடிக்க விடுங்கள்.