பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது

வேலூரில் இருபது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். உடல் உழைப்புக்காரர், உட்கார்ந்த வேலைக்காரர் என்று இரு தரப்பிலிருந்தும் கொலஸ்ட்ரால் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. மருந்து விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காட்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஐந்தரை அடி உயரம், 72 கிலோ. பேன்ட் சைஸ் 34 தான். எனக்கு எதற்கு சார் கொலஸ்ட்ரால் டெஸ்ட்?

அந்த 34 எங்கே நிற்கிறது தம்பி? தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டினால் யாருக்கும் 34 தான். சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது. என் எதிரில் அதைச் செய்யாத ஆம்பளையே இல்லை! நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35.4 இன்ச் எல்லை. பெண்களுக்கு 80. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ, உங்களுக்கு 25ஐத் தாண்டுகிறது. நமக்கு 23லேயே அதிக எடைக் கணக்கு தொடங்கிவிடும்.

பேன்ட் சைஸிலும் ஒரு கதை உண்டு. 1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் குழுவினர் லண்டன் மாடி பஸ்களைப் பற்றி எழுதினார்கள். நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். பிறகு யூனிஃபார்ம் அளவுகளைப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பும் பெரிது. வேலையால் பருத்தார்களா, பருத்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களா என்ற சந்தேகமும் அப்போதே எழுந்தது. எப்படியோ, உங்களுடையதும் டிரைவர் சீட்தான், டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். தொப்பையே கிடையாது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 168 என்கிறார்கள். மெஷின் கோளாறா?

இருக்காது அண்ணே. உழைப்புக்கு ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு நன்றாகக் கட்டுப்படும், நல்ல கொழுப்பான எச்டிஎல் ஓரளவு ஏறும். எல்டிஎல் அவ்வளவாக அசையாது. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. சில குடும்பங்களில் ரத்தத்திலிருந்து அதை வெளியேற்றுவதில் பரம்பரையாகவே சுணக்கம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா? டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் எண்ணெய். பாமாயிலில் கொலஸ்ட்ரால் கிடையாதுதான், எந்தத் தாவர எண்ணெயிலும் கிடையாது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். டீக்கடை போண்டாவைக் குறையுங்கள். பீடி பிடித்தால் அதையும் விடுங்கள், எச்டிஎல்லை இறக்கிவிடும்.

கேள்வி: பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறேன். காலையிலிருந்து முறத்தோடு உட்கார்ந்தால் சாயங்காலம் இடுப்பு ஒடிந்துபோகிறது. இதைவிடவா உடற்பயிற்சி வேண்டும்?

அசதி வேறு, அசைவு வேறு அக்கா. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டும்வரை ஓடுவது விரல்கள்தான். தொடையும் கெண்டைக்காலும் மடங்கியே கிடக்கின்றன. ரத்தத்தில் ஓடும் கொழுப்பை எடுத்து எரிக்கிற பெரிய தசைகள் அவை. குடியாத்தத்தில் குழித்தறி நெய்கிறவருக்காவது கால் மிதிக்கிறது. சில கட்டுகள் முடிந்ததும் எழுந்து, தெருக்கோடி வரை போய் வாருங்கள். கூலி கட்டுக்கணக்கில் என்று தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: ஆம்பூர். ஞாயிறு மதியம் பிரியாணி, சாயங்காலமே டெஸ்ட். ட்ரைகிளிசரைடு 260. பயமாக இருக்கிறது.

பிரியாணியைத்தான் அளந்திருக்கிறார்கள்! பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் மறுபடி எடுங்கள். அப்போதும் 150க்கு மேல் என்றால் கறியை மட்டும் திட்டாதீர்கள். சோற்றின் அளவு, சர்க்கரை, குடி மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: கோட்டைப் பக்கம் தினமும் நடக்கிறேன். எச்டிஎல் 36இலிருந்து எவ்வளவு ஏறும்?

சில புள்ளிகள்தான் சார், அதற்கும் மாதங்கள் ஆகும். அதற்குள் இடுப்பளவு இறங்கும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.