கூலி வேறு, இலாபம் வேறு: உடன்பிறந்தவர்களின் நகைத் தொழிலுக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: நாங்கள் இலங்கையில் மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கிறோம். அக்கா பட்டு நூலிலும் மணியிலும் ஜிமிக்கி, காப்பு செய்வார். நான் சுடுமண் நகை செய்கிறேன். தம்பி அவற்றைப் படமெடுத்து முகநூலில் போட்டு, கேட்பவர்களுக்குப் பொதி அனுப்புகிறான். பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. இப்போது கல்முனையில் ஒரு சேலைக் கடையும் பாசிக்குடாவில் ஒரு விடுதிக் கடையும் பொருள் கேட்கின்றன. யார் பெயரில் பதிவது? விலையை எப்படி வைப்பது? வரும் பணத்தை மூன்றாகப் பிரிக்கிறோம். ஆனாலும் அக்காவுக்கு மனக்குறை இருப்பது தெரிகிறது.

பதில்: பதிவைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அக்காவின் மனக்குறையிலிருந்து தொடங்குகிறேன். அது நியாயமான குறை. அதைத் தீர்க்காமல் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டும் பயனில்லை.

ஒரு சோடி ஜிமிக்கிக்கு நூல் சுற்ற ஒன்றரை மணிநேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் நீங்கள் அச்சில் பல சோடித் தோடுகளை அழுத்தி எடுத்துவிடலாம். மாத முடிவில் மூவருக்கும் ஒரே தொகை. உழைத்த கூலியும் தொழிலின் இலாபமும் ஒரே பணப்பெட்டியில் கலந்துகிடப்பதுதான் இங்கே பிரச்சினை. இலாபத்தைச் சமமாகப் பிரிக்கலாம், தவறில்லை. கூலி அவரவர் உழைத்த நேரத்துக்கு உரியது. அதை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மூவரும் ஆளுக்கொரு கொப்பி வைத்து, எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். தம்பி இரவில் வாட்ஸ்அப்பில் பதில் எழுதும் நேரமும் அதில் சேர வேண்டும். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்கூலியாக 1,200 ரூபா. எட்டு மணிநேர வேலை என்றால் மணிக்கு 150 ரூபா. கைப்பழக்கம் உள்ளவர் அதற்குக் கீழே தன் நேரத்தை விற்கக் கூடாது. மணிக்கு 200 ரூபா என்று தொடங்கலாம், மூவருக்கும் அதே வீதம்.

இனி ஒரு சோடி ஜிமிக்கியின் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கானவை, உங்கள் கொப்பியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நூல், மணி, கொக்கி 220 ரூபா. வீணாகும் பொருளுக்கு 22. அட்டையும் பெட்டியும் 60. அக்காவின் ஒன்றரை மணிநேரத்துக்கு 300. தம்பியின் கால் மணிநேரத்துக்கு 50. ஆக 652 ரூபா. இதன்மேல் கால் பங்கு இலாபம் சேர்த்தால் 815. கடைக்காரர் விற்பனை விலையில் 30 வீதம் எடுப்பார் என்றால், உங்களுக்கு 815 ரூபாவாவது வந்துசேர விலை ஏறத்தாழ 1,165 ஆக இருக்க வேண்டும். 1,200 என்று வையுங்கள். கடைக்கு 360 போக, உங்களுக்கு 840 வரும். பொருட்செலவும் கூலியும் கழிந்த பின் எஞ்சும் 188 ரூபாதான் இலாபம். மூன்றாகப் பிரிக்க வேண்டியது அதை மட்டும்தான். முதல் ஆண்டில் அதையும் பிரிக்காமல் பொருள் வாங்க ஒதுக்கினால் இன்னும் நல்லது.

அந்த விலைக்கு விற்காது என்று தோன்றினால் வடிவத்தை எளிதாக்கி நேரத்தைக் குறையுங்கள். அக்காவின் கூலியில் கை வைக்காதீர்கள்.

முகநூலில் நேரடியாக விற்கும்போதும் 1,200 தான். அங்கே 850க்குக் கொடுத்தால், கல்முனைக் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் கையிலுள்ள தொலைபேசியில் அதைப் பார்ப்பார். அடுத்த தடவை அந்தக் கடைக்காரர் உங்கள் பொருளை எடுக்கமாட்டார்.

இப்போது பதிவு. ஒருவர் பெயரில் தனி வியாபாரமாகவும் பதியலாம், மூவரும் சேர்ந்து பங்குடைமையாகவும் பதியலாம். உங்களுக்குப் பங்குடைமைதான் பொருந்தும் என்பது என் கருத்து. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் உங்களுக்குள் ஓர் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. இன்று மணியும் நூலும் வாங்கினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். பங்கு விகிதத்தைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளாவிட்டால் சட்டம் சம பங்கு என்றே எடுத்துக்கொள்ளும். தொழிலுக்காக ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்ற இருவரும் பொறுப்பாவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நம் ஊர் வழக்கத்தையும் நினைத்துப் பார்த்து எழுதுங்கள். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இன்று மூவரும் இருந்து வேலைசெய்யும் விறாந்தை நாளை அக்கா குடும்பத்தின் விறாந்தையாகலாம். தம்பி மணமுடித்து அக்கரைப்பற்றுக்கோ வாழைச்சேனைக்கோ போகலாம். அப்போது அச்சுகளும் கருவிகளும் யாருக்கு, முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம், விலகுபவருக்கு எவ்வளவு, தொழிலின் பெயரை யார் தொடர்ந்து பயன்படுத்தலாம்? இவற்றை ஒருவருக்கொருவர் மனம் நோகாமல் பேசக்கூடிய காலம் இதுதான். சம்பந்தம் பேச ஆள் வந்த பிறகு இதே கேள்விகள் வேறு விதமாக ஒலிக்கும்.

வியாபாரப் பெயரைப் பதிவதால் அந்தப் பெயர் வணிகக் குறியாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. அதற்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு விற்றுப் பார்த்த பின் செய்தால் போதும். நுண்கடன் எடுத்துத் தொடங்கவே வேண்டாம். வாராந்தத் தவணை கட்ட முடியாமல் கிழக்கில் எத்தனை பெண்கள் துன்பப்பட்டார்கள் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பொருளின் தரத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது காதுக் கொக்கியைத்தான். மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் இருக்கும். நம் வெக்கையில் வியர்வை அதைக் கரைக்க, காதுமடல் சிவந்து அரித்துப் புண்ணாகும். அப்படி அவதிப்பட்டவர் உங்களிடம் திரும்பி வரமாட்டார். 316 எல் வகைத் துருப்பிடிக்காத உருக்குக் கொக்கிகளை வாங்குங்கள். கடற்காற்றின் உப்பையும் அது நன்றாகத் தாங்கும். சந்தேகம் வந்தால், நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவமான டைமெதில்கிளையொக்சிம் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிக்கல் வெளியேறினால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பித்தளையும் செம்பும் வியர்வையில் பச்சை பூக்கும் என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

சுடுமண் வேலையை மாசி முதல் புரட்டாசி வரை வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் களிமண் உள்ளே காயாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் நீராவி அடைபட்டு வெடிக்கும். கார்த்திகை, மார்கழியில் நூல் வேலை முந்தட்டும். மருதமுனைக் கைத்தறிச் சேலைகளின் நிறங்களுக்கு ஏற்ற ஜிமிக்கிகளை அந்த மாதங்களில் செய்து வைத்தால், கல்முனைக் கடையில் சேலையோடு சேர்த்தே விற்கலாம்.

பாசிக்குடாக் கடையில் கடல் சார்ந்த நகை கேட்கக்கூடும். பவளத் துண்டோ ஆமை ஓடோ யார் கொண்டுவந்து தந்தாலும் தொடாதீர்கள்; இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. உண்மையான இரத்தினக்கல் பதித்து விற்க எண்ணினால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி முதலில் விசாரியுங்கள். கண்ணாடிக் கல்லைக் கண்ணாடி என்றே சொல்லி விற்பதில் குறைவொன்றும் இல்லை.

அந்த விடுதிக் கடைக்கு முதல் தடவை இருபது சோடிக்கு மேல் கொடுக்க வேண்டாம். திகதி, வடிவம், எண்ணிக்கை, விலை, கடையின் பங்கு எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாத முடிவில் மூவரில் ஒருவர் நேரில் போய் எண்ணிப் பார்த்து, விற்றதற்குப் பணமும் விற்காததற்குப் பொருளும் வாங்கி வர வேண்டும்.