தன்னார்வ ஆம்புலன்ஸ்: பயிற்சி, தகுதி குறித்த உங்கள் கேள்விகள்

ஒருநாள் முதலுதவி வகுப்பு முடித்துவிட்டேன். பேட்ஜில் ‘இ.எம்.டி.’ என்று போட்டுக்கொள்ளலாமா? (திண்டுக்கல்)

கூடாது. இ.எம்.டி. (அவசர மருத்துவ நுட்பர்) என்பது மாதக்கணக்கில் படித்து, மருத்துவமனையில் கைப்பழக்கம் பெற்றவரின் பெயர். 2021-ஆம் ஆண்டு இணை சுகாதாரத் தொழில் சட்டத்தின் அட்டவணையிலேயே அவசர மருத்துவ நுட்பர் தனித் தொழிலாக இருக்கிறது. உங்கள் பேட்ஜில் ‘முதலுதவியாளர்’ என்று இருக்கட்டும். ஊசி, சலைன் இரண்டையும் தொடாதீர்கள், யார் கெஞ்சினாலும்.

சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? ஆன்லைனில் எடுத்தது போதுமா? (தஞ்சாவூர்)

அமெரிக்க இதய சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) அட்டை 2 ஆண்டு. செயின்ட் ஜான் முதலுதவிச் சான்றிதழ் 3 ஆண்டு. இவை காகிதத்தின் ஆயுள். கையில் உள்ள பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

ஆன்லைன் சான்றிதழை மட்டும் நம்பி ஒருவரை நோயாளி பக்கத்தில் உட்கார வைக்கும் அமைப்புகள் மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு. வீடியோ பார்த்துப் பாடம் தெரிந்துகொள்ளலாம், இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும்போது அழுத்தத்தின் ஆழம் தெரியாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். டம்மி (பயிற்சிப் பொம்மை) முன் உட்கார வைத்துப் பாருங்கள்: ஒரு நிமிடத்துக்குள் முழங்கை மடங்கும், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக மேலே வரவிடாமல் சாய்ந்தபடியே அழுத்துவார்கள். இதயம் நிரம்பாமல் அழுத்தினால் இரத்தம் எங்கிருந்து ஓடும்?

ஆம்பு பேக்கில் (மூச்சு நின்றவருக்கு மாஸ்க் வழியே காற்று ஊட்டும் பை) இன்னும் மோசம். பெரியவர் அளவு பேக்கில் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும், தேவையோ 500, 600 மில்லிதான். பதற்றத்தில் முழு பேக்கையும் பிழிகிறார்கள். மிச்சக் காற்று வயிற்றுக்குப் போகிறது, வாந்தி வருகிறது, அது நுரையீரலில் இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு பிழிந்தால் போதும், ஒரு விநாடியில், மார்பு இலேசாக எழும்வரை. மாஸ்க்கை ஒருவர் இரு கையாலும் பிடிக்க, இன்னொருவர் பிழியட்டும். ஒற்றைக் கையில் மாஸ்க் கசியாமல் பிடிக்கப் புதியவர்களால் முடிவதில்லை.

ஆகவே 3 மாதத்துக்கு ஒருமுறை டம்மியில் சோதனை வையுங்கள். இரண்டு நிமிடம் அழுத்தவேண்டும், ஆள் மாறும்போது 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. பதிவேட்டில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும். தேறாதவர் மறுபடி தேறும்வரை நோயாளிப் பொறுப்பு ஏற்கக் கூடாது, அவர் அமைப்பின் தலைவரே ஆனாலும்.

பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? (பெயர் இல்லை)

ஓட்டம் எவ்வளவு, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதாமல் இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? கணக்கை நீங்களே போடுங்கள். நிறைந்தது 150 பார் அழுத்தம், சுமார் 1,500 லிட்டர், அதாவது ஒரு பாருக்கு 10 லிட்டர். 20 பார் இருப்பாக விடுங்கள். மீட்டர் 50 காட்டினால் கையில் உள்ளது 300 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் அரை மணி நேரம். பயணம் 40 நிமிடம் என்றால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஓட்டுநர் மட்டும் போதுமா? பின்னால் உறவினர் இருப்பார்களே. (விழுப்புரம்)

போதாது. வழியில் நோயாளி வாந்தி எடுத்தால் யார் பக்கவாட்டில் திருப்புவது? குறைந்தது இருவர்: ஓட்டுநர் ஒருவர், பயிற்சி பெற்றவர் பின்னால் ஒருவர். ஏ.ஐ.எஸ். 125 என்ற இந்திய வாகனத் தரநிலை ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது, உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியை மட்டும் ஏற்றிச்செல்லும் வண்டியில் மாரடைப்பு நோயாளியை ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு நெடுந்தூரம் ஓடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். சரியா? (தருமபுரி)

தவறு. கட்டு, கீறல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் வையுங்கள், மோதிரம், கொலுசு கழற்றுங்கள், கடித்த நேரத்தை எழுதுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இப்படிச் சொல்லிக் கொடுத்தவரிடம் மற்ற பாடங்களையும் சரிபாருங்கள்.

விபத்தில் உதவினால் வழக்கு வருமா? (மதுரை)

மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ, 2019 திருத்தத்தில் வந்தது. எதையும் எதிர்பாராமல், நல்லெண்ணத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைக் காக்கிறது. கட்டணம் வாங்கும் சேவை அதை நம்பி இருக்கவேண்டாம். அந்தப் பிரிவின் துணிவில் ஊசியைத் தொடவும் வேண்டாம்.

தடுப்பூசி எது அவசியம்? (திருச்சி)

ஹெபடைட்டிஸ் பி: 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு பாருங்கள், 10 mIU/ml-க்கு மேல் இருக்கவேண்டும். டெட்டனஸும் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.