"தேக்கு நிலை, ஃப்ளஷ் கதவு, தூண் 2" என்று ஒப்பந்தத்தில் ஒரே வரி இருந்தால் போதுமா?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் 1,200 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டுகிறோம். காண்ட்ராக்டர் கொடுத்த ஒப்பந்தத்தில் "முன்வாசல் தேக்கு நிலை, மற்றவை ஃப்ளஷ் கதவு, போர்டிகோ தூண் 2" என்று மட்டும் இருக்கிறது. இது போதுமா? வேறு என்ன எழுதி வாங்க வேண்டும்? நிலை வைக்க இன்னும் 20 நாளில் நாள் குறித்திருக்கிறோம்.

பதில்:

போதாது. எங்கள் புதுக்கோட்டை வீட்டு ஒப்பந்தத்திலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருந்தது. அப்பா தச்சு வேலை செய்தவர் என்பதால் மர விஷயத்தில் தப்பித்தோம். அளவு விஷயத்தில் மாட்டிக்கொண்டோம். அதையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மரம் மட்டமாக இருந்தால் பிறகு மாற்றலாம், வழி குறுகிப்போனால் சுவரை இடிக்க வேண்டும்.

எங்கள் குளியலறைக் கதவு வரைபடத்தில் இரண்டரை அடி. எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டோம். குடிபோன நான்காம் வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சக்கர நாற்காலி வாங்கி வந்தோம், அகலம் 25 அங்குலம். அப்போதுதான் டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. 30 அங்குலத்தில் இரண்டு பக்கச் சட்டமும் மூன்று மூன்று அங்குலத்தைத் தின்றுவிட, மிச்சம் 24. கதவு முழுக்கத் திரும்பாமல் வழியிலேயே நின்றதால் அதன் கனமும் போக 23 சொச்சம். ஒன்றரை அங்குலம் போதாமல் அம்மாவை நானும் தம்பியும் இரண்டு மாதம் தூக்கிக்கொண்டு போனோம். பிறகு சுவரை உடைத்து, டைல்ஸைப் பெயர்த்து, மூன்றேகால் அடி நிலை வைத்தோம்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கதவுக்கும் "நிலை வெளி அளவு" என்று ஒரு எண்ணும், "நடக்கும் வழி" என்று இன்னொரு எண்ணும் எழுதச் சொல்லுங்கள். பொதுக் கட்டடங்களுக்கான அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் 900 மில்லிமீட்டர் திறந்த வழி கேட்கின்றன. முன்வாசலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் அதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குல முகமுள்ள, அதாவது வழியில் அவ்வளவு இடத்தைத் தின்னும் சட்டம் என்றால் மூன்றரை அடி நிலை போதும், 36 அங்குலம் கிடைக்கும். குளியலறைக்கு மூன்று அடி நிலை வைத்தால் 30 அங்குலம், வீட்டுச் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். இன்னொன்று, குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே விழுந்துவிட்டால் உள்பக்கம் தள்ளுகிற கதவைத் திறக்கவே முடியாது.

உயரத்திலும் இதே மாதிரி ஒரு இழப்பு உண்டு. கொத்தனார் கான்கிரீட் தரையிலிருந்து ஏழு அடி அளந்து லிண்டல் (திறப்புக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) போட்டுவிடுவார். அதன் பிறகு கலவை, டைல்ஸ் என்று இரண்டு மூன்று அங்குலம் தரை ஏறும். முடிவில் கதவு ஆறே முக்கால் அடிதான் நிற்கும். "தரை வேலை முடிந்த மட்டத்திலிருந்து 7 அடி" என்று எழுதுங்கள். அந்த மட்டத்தை இப்போதே சுவர் முழுக்க ரசமட்டம் பிடித்து ஒரு கோடாக அடித்து வைக்கச் சொல்லுங்கள். நிலைக் கால்கள் முடிந்த தரைக்குக் கீழே கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும் என்பதற்கும் அந்தக் கோடுதான் கணக்கு.

இனி மரம். "தேக்கு" என்ற சொல்லுக்குக் கடையில் பத்து அர்த்தம். பர்மா தேக்கு என்று இன்றும் எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது வருவதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டமாக வளர்த்து இளசிலேயே வெட்டிய மரம். அது தேக்குதான், பொய் இல்லை. ஆனால் இளம் மரத்தில் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான பகுதி) குறைவு, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி) அதிகம். கரையானும் துளைக்கும் வண்டும் முதலில் வருவது அந்த வெள்ளைக்குத்தான். அதனால் நாட்டின் பெயரைவிட "வெள்ளை இல்லாத வைரக்கட்டை, வெடிப்பும் செத்த கணுவும் இல்லாதது" என்று எழுதுவது முக்கியம். சாயம் பூசி வெள்ளையை மறைப்பதும் நடக்கிறது. சட்டத்தின் ஒரு முனையை உங்கள் எதிரிலேயே இழைக்கச் சொன்னால் நிற வேறுபாடு தெரிந்துவிடும். நல்ல தேக்கு இழைத்த இடத்தில் எண்ணெய்ப் பசை கையில் ஒட்டும், தோல் வாசனை மாதிரி ஒன்று வரும்.

காய்ந்திருக்கிறதா என்பது அடுத்தது. "நகத்த வச்சுக் கீறிப் பாக்காதம்மா, ஒரே அளவுல ரெண்டு சட்டத்தத் தூக்கிப் பாரு" என்பார் அப்பா. ஒன்று மட்டும் தூக்கலாகக் கனத்தால் உள்ளே ஈரம். ஈர மரத்தில் செய்த நிலை ஐப்பசி கார்த்திகையில் சரியாக இருப்பது போலத் தெரியும், சித்திரையில் மூட்டு விட்டுக்கொள்ளும். ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அளக்கும் கருவி பெரிய மரக்கடைகளில் இருக்கும், கேளுங்கள், காட்டுவார்கள்.

அளவைக் கன அடியிலும் நீங்களே போட்டுப் பாருங்கள். 7 அடிக்கு 3½ அடி நிலை, நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி. சட்டம் 5க்கு 3 என்றால் 15 சதுர அங்குலம், அதை 144ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 கன அடி. 6க்கு 4 என்றால் 3.5 கன அடி. உங்களிடம் ஆறுக்கு நாலு என்று சொல்லிவிட்டு ஐந்துக்கு மூன்று வைத்தால் எவ்வளவு மரம் போகிறது என்று தெரிகிறதல்லவா? அதோடு அறுவை அளவு வேறு, இழைத்த அளவு வேறு. இழைத்தபின் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வரை குறையும். "இழைத்தபின் அளவு" என்றே எழுத வேண்டும். 6க்கு 4 சட்டம் போட்டால் முகம் நான்கு அங்குலம் ஆகிவிடும், 36 அங்குல வழி வேண்டுமென்றால் நிலை 3 அடி 8 அங்குலமாக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லா அறைக்கும் தேக்கு தேவையே இல்லை. முன்வாசலுக்குத் தேக்கு அல்லது வேங்கை. உள் அறைகளுக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு, கோங்கு, சால் எதுவும் போதும். எங்கள் வீட்டில் உள் நிலைகள் எல்லாம் கொல்லையில் வெட்டிய வேம்பு, அறுத்து ஒன்றரை வருடம் நிழலில் அடுக்கிக் காயவிட்டது. குளியலறைக்கு மட்டும் மரமே வேண்டாம், கருங்கல் நிலையோ டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) நிலையோ வையுங்கள். டபிள்யூ.பி.சி.யில் திருகாணிப் பிடிப்பு மரத்தளவு இருக்காது, அதனால் அதில் கனமான கதவை மாட்டாதீர்கள்.

ஃப்ளஷ் கதவுக்கு (இரண்டு பக்கமும் சமதளப் பலகை ஒட்டிய கதவு) ஐ.எஸ். 2202 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, கொதிநீர் தாங்கும் பசை போட்ட, உள்ளே கட்டை நிரப்பிய கதவு என்று குறிப்பிடுங்கள். உள்ளே குழலாகவோ தூள் பலகையாகவோ இருக்கிற கதவு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பூட்டுக்குத் துளை போடும்போதுதான் வெளியே தெரியும். கதவின் கனத்தை நிலை செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நிலையில் கதவு உட்காரும் பள்ளத்தை அந்தக் கனத்துக்குத்தான் வெட்டுவார்கள். 32 மில்லிமீட்டருக்கு வெட்டிய பள்ளத்தில் 38 மில்லிமீட்டர் கதவு துருத்திக்கொண்டு நிற்கும். வண்ணம் அடிக்கும்போது கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். அங்கே யாரும் தூரிகை வைப்பதில்லை, மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கதவு இறுகுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

நிலையைச் சுவரின் எந்தப் பக்கத்துக்கு ஒட்டி வைப்பது என்றும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவில் வைத்தால் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடும். திறக்கும் பக்கத்துப் பூச்சுக்குச் சமமாக வைத்தால் சுவரோடு மடங்கும், முன் சொன்னபடி கதவின் கனம் தின்னும் இடமும் மிஞ்சும். சுவிட்ச் பலகை கதவுக்குப் பின்னால் போகாமல் எலெக்ட்ரீஷியனிடம் இந்த வரைபடத்தையே கொடுங்கள். நிலையைப் பிடித்துக்கொள்ளச் சுவரில் பதியும் இரும்புப் பட்டையான ஹோல்ட்ஃபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று, சுவரைத் தொடும் மரப்பக்கத்தில் தார் பூச்சு. கீல் உள் கதவுக்கு நாலு அங்குலத்தில் மூன்று, முன்கதவுக்கு ஐந்து அங்குலத்தில் நான்கு. இவை ஒரு வரியில் அடங்கும்.

தூணுக்கு வருகிறேன். "தூண் 2" என்பதில் எண்ணிக்கை தவிர ஒன்றுமில்லை. ஒன்பதுக்கு ஒன்பது அங்குலக் கான்கிரீட் தூண் நம் ஊரில் பழக்கம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்கில் அந்த அளவுக்கு வேண்டிய குறைந்தபட்சக் கம்பி 0.8 சதவீதம், நாலு 12 மி.மீ. கம்பி அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்குமேல் ஒரு கம்பி குறைத்தாலும் தவறு. நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி கம்பியின் விட்டத்தைப் போல 16 மடங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு ஏழரை அங்குலம். ஆறு அங்குலம் என்று எழுதுங்கள். கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும், அந்த இடைவெளியை விடும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைத்தாரா என்று தூணைச் சுற்றிப் பலகை அடைக்குமுன் பார்த்துவிடுங்கள். நிலநடுக்க விதியான ஐ.எஸ். 13920 தூணின் சிறிய பக்கமே 300 மி.மீ. கேட்கிறது, முடிந்தால் அந்த ஒரு அடிக்குப் போய்விடுங்கள்.

இப்போது முகப்பு அழகுக்கு இரண்டு மாடி உயரத்துக்குப் போர்டிகோ தூக்குகிறார்கள். தாங்கலில்லாத உயரம் தூணின் சிறிய பக்கத்தைப் போல சுமார் 12 மடங்கைத் தாண்டினால் அது நெட்டைத் தூண், கணக்கே வேறு. ஒன்பது அங்குலத் தூணுக்கு அந்த எல்லை ஒன்பது அடி. இருபது அடிக்கு அதே தூணை ஏற்றுவதானால் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் விடாதீர்கள்.

இன்னொரு வழக்கம் என்னைக் கோபப்படுத்துவது. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் வெளியே தெரியக்கூடாது என்று தூணுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். நாலு அங்குலக் குழாயின் வெளி விட்டம் 110 மி.மீ. ஒன்பது அங்குலத் தூணின் பரப்பில் அது கிட்டத்தட்ட 18 சதவீதத்தைத் தின்கிறது, கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட் இறங்கவும் இடம் விடுவதில்லை. பிறகு குழாய் கசிந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும். குழாயைத் தூணுக்குப் பின்னால் ஓட்டி வண்ணம் அடியுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நீங்கள் கான்கிரீட் தளம் இல்லாமல் முன்புறம் ஓட்டுத் தாழ்வாரம் இறக்க நினைத்தால் மரத் தூணையும் யோசியுங்கள். நாங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் இரண்டு தூண் வாங்கினோம். ஏழு அடி உயரம், எங்களுக்கு வேண்டியது எட்டு. மேலே கட்டை ஒட்டலாம் என்றார் கடைக்காரர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அடி உயரத்தில் கருங்கல் பீடம் செதுக்கி, நடுவில் துளையிட்டு இரும்புக் கம்பி நிறுத்தி அதன்மேல் தூணை இறக்கினார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலும் மரத் தூண் தரையைத் தொடாது, கல்லின் மேல்தான் நிற்கும். சாரல் அடித்துத் தரையில் நிற்கும் தண்ணீர் மரத்தின் அடிப்பக்க நாரில் ஏறாமலிருக்க அதுதான் வழி. பழைய தூண் வாங்கும்போது அடிமுனையை உளியால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் வேண்டாம். தூணின் தலையில் போதிகை என்ற அகலமான தாங்குகட்டை வைத்துத்தான் அப்பா உத்தரத்தை ஏற்றினார், பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவும் என்று. அந்தத் தூண்களின் மேல் கான்கிரீட் தளத்தை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

கார் நிறுத்துவீர்கள் என்றால் இரண்டு தூணுக்கும் நடுவே பத்து அடி வழி விடுங்கள். கார் ஆறு அடி அகலம்தான், ஆனால் கதவைத் திறந்து வயதானவர் ஒருவர் இறங்க வேண்டும்.

கடைசியாக, 20 நாளில் நிலை வைக்கும் நாள். மரம் காயவில்லை என்றால் நாளுக்காக ஈர நிலையை நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் செய்ய வழி இருக்கிறது. குறித்த நேரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து நவதானியமும் காசும் இட்டுப் பூஜையை முடித்து, முன்வாசலின் கீழ்ச்சட்டத்தை மட்டும் இருத்துங்கள். அந்த ஒரு கட்டைக்குக் காய்ந்த மரம் தேடுவது கஷ்டமில்லை. கால்களுக்குச் சேரும் துளையை அதில் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். சுவரைத் திறப்பு விட்டுக் கட்டிக்கொண்டு போகலாம், ஹோல்ட்ஃபாஸ்டுக்கு மூன்று பொந்து விட்டு வைத்தால் காய்ந்த நிலையை இரண்டு மாதம் கழித்து ஏற்றிக் கான்கிரீட் அடைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆசாரியிடம் இன்றைக்கே பேசுங்கள், அவர் மரக்கடைக்குப் போகும் நாளில் நீங்களும் டேப்போடு கூடப் போங்கள்.