பெயருக்குத்தான் பணிப்பாளர் என்றால் பொறுப்பு வராதா?

கேள்வி: கிளிநொச்சியில் நெல் ஆலையைத் தனியார் கம்பனியாகப் பதிந்து நடத்துகிறோம். பெரியப்பாவின் மகன், அண்ணாதான் முகாமைத்துவப் பணிப்பாளர். எனக்கு 20 வீதப் பங்கு. பெயருக்கு என்னையும் பணிப்பாளராகப் போட்டார்கள். நெல் உலர்த்தும் இயந்திரத்தை எங்களைக் கேளாமல் அண்ணியின் வியாபாரத்துக்கு விற்றுவிட்டார். கேட்டால், "நான்தானே எம்.டி." என்கிறார். வங்கிக் கடனும் நிற்கிறது. விலகிவிட்டால் தப்பலாமா?

பதில்: உடனே விலகாதீர்கள். கம்பனியின் கணக்குகளைப் பார்க்கும் உரிமை பணிப்பாளருக்கு உண்டு. விலகினால் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். இதுவரையிலான பொறுப்பும் விலகலோடு போய்விடாது. பெயருக்குப் பணிப்பாளர் என்று ஒருவரைச் சட்டம் அறியாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து, கம்பனியின் நலனுக்காக நேர்மையாக நடக்கும் கடமை அண்ணாவுக்கு இருப்பதுபோல் உங்களுக்கும் இருக்கிறது.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 184 ஆம் பிரிவு, நிர்வாகத்தைப் பணிப்பாளர் சபையிடம்தான் கொடுக்கிறது. எம்.டி.க்குச் சபை எவ்வளவு ஒப்படைத்ததோ அவ்வளவுதான் அதிகாரம். மூத்தவர் என்பதால் எங்கள் குடும்பங்களில் எவரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அந்த மரியாதை வீட்டோடு இருக்கட்டும்.

இயந்திர விற்பனைதான் இதில் பாரதூரமான விஷயம். வாங்கியவர் மனைவி என்றால் அதில் அண்ணாவுக்கு அக்கறை, அதாவது சொந்த நலன், உண்டென்றே சட்டம் கொள்ளும். 192 ஆம் பிரிவின்படி அதை அவர் சபைக்கு வெளிப்படுத்தி, அக்கறைப் பதிவேட்டில் எழுதுவித்திருக்க வேண்டும். நியாய விலை வராவிட்டால் விற்பனையையே கம்பனி ரத்துச் செய்யப் பார்க்கலாம். விற்றது கம்பனிச் சொத்துகளின் பெறுமதியில் பாதிக்கு மேல் என்றால், பங்குதாரரின் விசேட தீர்மானமும் தேவைப்பட்டிருக்கும். அதற்கு 75 வீத வாக்கு வேண்டும்.

முதலில் கம்பனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். சபைக் கூட்டக் குறிப்பு, அக்கறைப் பதிவேடு, விற்பனைப் பற்றுச்சீட்டு மூன்றையும் கேளுங்கள். வாயால் கேட்டது நாளைக்கு நிற்காது. பதில் வராவிட்டால், 10 வீத வாக்குள்ள பங்குதாரர் அசாதாரண பொதுக்கூட்டம் கோரலாம். உங்களிடம் 20 இருக்கிறது. பெரும்பான்மைப் பங்கு அண்ணாவிடமே இருந்தால், கூட்டத்தில் அவரை அகற்ற முடியாது. அப்போது 224 ஆம் பிரிவின் கீழ், பங்குதாரரான உங்களைக் கம்பனி நடத்தப்படும் விதம் ஒடுக்குகிறது (ஒடுக்குமுறை) என்று நீதிமன்றம் போகலாம்.

கடன் விஷயம் வேறு. கம்பனியின் கடன் கம்பனிக்குத்தான். ஆனால் கம்பனி கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்று, வங்கியில் தனிப்பட்ட பிணைக்கும் கையெழுத்து வைத்தீர்களா? வங்கியிடம் அந்தப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.