வீடு மாறினால் போதுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூவம் கரையில் இருந்த எங்கள் வீடுகளை அகற்றி, நகரின் தென்கோடியில் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கு வந்த பிறகு இரண்டு வயதுப் பேரனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. மகளுக்கு ரத்தசோகை என்கிறார்கள். ஒரே நகரத்துக்குள் இப்படி ஏன்? மாநகராட்சியால் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வீட்டை மாற்றியவர்கள், அந்த வீட்டைச் சுற்றி இருந்தவற்றை மாற்றவில்லை என்பதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய இடத்தில் உங்கள் தெருவை அறிந்த செவிலியர் இருந்திருப்பார். வீட்டு வேலைக்குப் போகும் தாய், மதியம் நடந்தே வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போயிருப்பார். இப்போது அதே வேலைக்கு விடியற்காலையில் பேருந்து ஏறி, இருட்டிய பிறகு திரும்பும்போது, குழந்தையின் மதிய உணவு பெட்டிக்கடை பிஸ்கட்டும் டீயுமாகச் சுருங்கிவிடுகிறது. குழாயில் நேரம் பார்த்து வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து, எல்லோரும் டம்ளரோடு கையையும் உள்ளே விட்டு மொள்ளும் வீடுகளில் வயிற்றுப்போக்கு ஓயாது. நீளக் கைப்பிடி உள்ள ஒரு கரண்டி இதில் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மீதிப் பாதி குடிநீர் வாரியத்தின் வேலை.

ஆகவே மாநகராட்சிக்கு நான் முதலில் சொல்வது, சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அங்கன்வாடியையும் சுகாதார நிலையத்தையும் தரைத்தளத்தில் திறந்துவிட வேண்டும் என்பதுதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பிளாக்கில் தேடினால் 40 பிள்ளைகள் கிடைக்காமலா போவார்கள்? எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது நேரம். காலையில் மட்டும் இயங்கும் புறநோயாளிப் பிரிவு, நாள்கூலிக்காரருக்கு இலவசம் அல்ல. ஒரு நாள் சம்பளம் அதன் கட்டணம். மாலை நேரச் சிகிச்சை இத்தகைய குடியிருப்புகளுக்குத்தான் முதலில் வர வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததையும், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவை அது மிச்சப்படுத்துவதால், ஒரு சுகாதாரத் திட்டமாகவே நான் எண்ணுகிறேன்.

பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்; மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். மகள் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. தடுப்பூசி அட்டை பழைய முகவரியில் இருந்தாலும் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் செல்லும்.

கேள்வி: அரசுப் பள்ளிக் காலை உணவை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையாதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: குறையலாம், ஆனால் சாப்பிட வரும் பிள்ளைகளும் குறைவார்கள். ஏழை என்று தனி வரிசையில் நிற்கக் கூச்சப்படும் குழந்தை, பசிக்கவில்லை என்று சொல்லிவிடும். சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது, ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் கணக்குப் பார்த்தது. அப்படிச் செலவைப் பார்க்கும் கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை; பிள்ளைகளைப் பிரிக்கும் கணக்கில்தான் ஆட்சேபம். 2022 செப்டம்பரில் உங்கள் மதுரையில் தொடங்கிய காலை உணவில், ஒரே உப்புமாவை வகுப்பு முழுவதும் சேர்ந்து உண்பதால், எந்தப் பிள்ளையின் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.