அடுக்கில் இருந்து ஒரே ஒரு தாளை மட்டும் இயந்திரம் எப்படி எடுக்கிறது?

ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில், அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அனுப்பும் பகுதிக்கு ஃபீடர் என்று பெயர். கஷ்டம் தூக்குவதில் இல்லை, பிரிப்பதில்தான். வெட்டி இறுக்கி அடுக்கிய தாள்களுக்கு நடுவே காற்று மிகக் குறைவு. மேல்தாளைத் தூக்கினால் அடுத்ததும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் முதலில் அடுக்கின் விளிம்பில் காற்றை ஊதி, மேலே உள்ள சில தாள்களை மிதக்க விடுகிறது. பிறகுதான் ரப்பர் உறிஞ்சிகள் மேல்தாளைக் கவ்வும். காய்கறிக் கடையில் ஒட்டிக்கிடக்கும் பாலித்தீன் பையை வாயால் ஊதித் திறப்போமே, அதேதான்.

தாள் குறையக் குறைய, அடுக்கைத் தாங்கும் பலகை தானாக உயரும். பெரிய இயந்திரங்களில் மிச்ச அடுக்கைக் கம்பிகளால் தாங்கிக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தாமலே அடியில் புது அடுக்கை ஏற்றலாம்.

கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி மழை வந்தால் தாள் ஈரம் குடித்து ஓரம் நெளியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்துப் பெரியவர் ரீமைப் பிரித்ததும் மூலையைப் பிடித்து விசிறிபோல் விரித்து, தட்டிச் சீராக்கித்தான் ஏற்றுவார். அழகான கைவேலை அது.

இரண்டு தாள் சேர்ந்து வந்தால் உறிஞ்சும் வலுவைக் கூட்டவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டினால் மெல்லிய தாளின் ஊடாகவே அடுத்த தாளும் இழுபடும், பெரும்பாலும் சரிசெய்ய வேண்டியது ஊதும் காற்றைத்தான்.